இன்கா மலைநாட்டு இடிபாடுகளும் மூன்று தலைமுறைப் பயணிகளும் — ஒரு சமூகவியல் நோக்கு

பெரு நாட்டின் அந்தீஸ் மலைப்பகுதியில் உள்ள இன்கா இடிபாடுகளைக் காணச் செல்வோரிடையே பாட்டன் பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையினர் ஒருங்கே செல்லும் வழக்கம் இன்று காணப்படுவதொன்றாகும். முதியோருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டுவிட வேண்டிய காட்சியாகவும், சிறுவருக்குப் பாடநூலுக்கு வெளியே கிடைக்கும் வரலாற்றுப் பாடமாகவும், பெற்றோருக்கு இவ்விரு சாராரையும் சில நாட்களாவது ஒன்றுசேர்த்து வைக்கும் வாய்ப்பாகவும் இப்பயணம் அமைகின்றது. இவ்விருப்பங்கள் யாவும் நியாயமானவையே. ஆயினும் இக்குடும்பங்களுக்கு அங்கு கூறப்படும் கதை பெரும்பாலும் 'மர்மம்', 'மறைந்த நகரம்' என்னும் இரு சொற்களைச் சுற்றியே அமைந்துவிடுகின்றது. மர்மம் என்று கூறியதும் கேள்விகள் நின்றுவிடுகின்றன. கல்லைச் சுமந்தவர் யார், அதற்கு அவர் பெற்றது யாது, அவர் விட்டுவந்த வீட்டின் நிலை என்ன என்பன கேட்கப்படாமலே போகின்றன.

குடும்பமாகச் செல்வோர் கேட்கத்தக்க வினாவொன்று உண்டு. இவ்விடங்கள் எந்தக் குடும்பத்தின் சொத்தாக இருந்தன? எக்குடும்பங்களின் உழைப்பினால் எழுந்தன? இங்கு பணிசெய்து மடிந்தோருக்குக் குடும்பம் என்று ஒன்று இருந்ததா? இவ்வினாக்களின் வழியே இன்கா இடிபாடுகளை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலமும் உயரமும்

முதலில் நிலத்தை நோக்குவோம். இன்காக்களின் தலைநகராய் விளங்கிய கூஸ்கோ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்களவே ஆகும். எனவே ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைகின்றது. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியோர் மருத்துவரைக் கலந்தே செல்லல் வேண்டும். தமக்கு என்ன செய்கின்றது என்று சொல்லத் தெரியாத சிறு குழந்தைகளையும் கூர்ந்து கவனித்தல் வேண்டும். மச்சு பிச்சு ஏறத்தாழ 2,430 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. அதாவது கூஸ்கோவிலும் பார்க்க ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் தாழ்ந்தது. ஆகையால் விமானத்தில் வந்திறங்கியதும் கூஸ்கோவில் தங்காது, ஏறத்தாழ 2,800 மீற்றர் உயரத்தில் உள்ள ஒல்லாந்தாய்தம்போ முதலான உருபம்பா பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு இறங்கி, சில நாட்கள் உடலைப் பழக்கி, பின்னர் மேலே செல்வதே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற முறையாகும்.

பயணிக்கு இடராகத் தோன்றும் இவ்வுயர வேறுபாடே இன்கா நாகரிகத்தின் பொருளாதார அடித்தளமாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. மிக உயர்ந்த புல்வெளிகளில் லாமாவும் அல்பாக்காவும் மேய்ந்தன. அவற்றின் கீழே உருளைக்கிழங்கும், அதற்குங் கீழே சோளமும், வெப்பமான தாழ்சரிவுகளிற் கொக்காச் செடியும் விளைந்தன. ஒரே குலத்தைச் சேர்ந்தோர் இவ்வேறுபட்ட மட்டங்களில் நிலங்களை வைத்திருந்து, சந்தையின் துணையின்றியே விளைபொருள்களைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். மானிடவியலாளர் ஜோன் முர்ரா இவ்வமைப்பைச் செங்குத்தாக அமைந்த தீவுக்கூட்டமொன்றுக்கு ஒப்பிட்டு விளக்கினார். இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கு 'சூனியோ' எனப்பட்டது. ஆண்டுக்கணக்கிற் கெடாத இவ்வுணவு களஞ்சியங்களை நிரப்பியது. படையும் கட்டடப் பணியும் இதனாலேயே இயன்றன.

இக்குலக்குழு 'அய்லு' எனப்பட்டது. பொது மூதாதையரும் பொது நிலமும் உடைய குடும்பங்களின் கூட்டே அய்லு ஆகும். ஒரு குடும்பத்தின் வயலில் மற்றொன்று உழைப்பதும், அவ்வுழைப்பைப் பின்னர் உழைப்பாகவே திருப்பிக் கொடுப்பதும் 'அய்னி' எனப்பட்டன. பெருவின் மார்க்சியச் சிந்தனையாளர் ஹொசே கார்லோஸ் மரியாத்தெகி 1928இல் வெளியிட்ட ஏழு கட்டுரைகளைக் கொண்ட நூலில், அய்லுவின் கூட்டு வாழ்வை எதிர்காலச் சமதர்ம சமூகத்துக்குரிய வித்தாகக் கண்டார். அவர் 'இன்கா பொதுவுடைமை' என்றும் பேசினார். எனினும் அய்லுவின் கூட்டுறவையும் இன்கா அரசின் ஆதிக்கத்தையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும். கூட்டுறவு மக்களுடையது, அதனைத் தன் மேலாண்மைக்குரிய மொழியாக்கிக்கொண்டது அரசு. இவ்வேறுபாட்டைக் கற்களிலேயே காணலாம்.

2. சொத்து யாருடையது?

மச்சு பிச்சு ஒரு 'நகரம்' அன்று. பச்சகூத்தி என்னும் இன்கா மன்னனின் குடும்பச் சொத்தாகிய அரச மாளிகைத் தோட்டமே அது என்பது இன்று ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். பிச்சு நிலங்கள் பச்சகூத்திக்குரியனவாக இருந்தமையை 1568ஆம் ஆண்டின் காணி ஆவணமொன்று காட்டுகின்றது. அங்கு புதைக்கப்பட்டோரின் எலும்புகளையும் பற்களையும் கரிமக் கால அளவைக்கு உட்படுத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ 1420 முதல் 1530 வரை இவ்விடத்தில் மக்கள் வாழ்ந்தனர் என்று காட்டியது.

இன்கா மன்னன் இறந்ததும் முடி ஒரு மகனுக்குச் சென்றது. ஆனால் அவன் சேர்த்த நிலமும் மாளிகையும் பணியாட்களும் ஏனைய வழித்தோன்றல்களாகிய 'பானாக்கா' என்னும் அரசகுலக் குழுவிடமே இருந்தன. இறந்த மன்னனின் உடல் பதப்படுத்தப்பட்டு, ஆடையும் உணவும் படைக்கப்பட்டு, விழாக்களிற் சபைக்குக் கொண்டுவரப்பட்டது. சட்டப்படி சொத்துக்கு உரியவர் அவ்விறந்தவரே. வெற்றுக் கையோடு அரியணை ஏறிய புதிய மன்னன் தனக்கெனப் புதிய நிலங்களை வெல்லவேண்டியவனாயினான். பேரரசின் இடையறாத விரிவுக்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். மூதாதையர் வழிபாடு இங்கு வெறும் சமய நம்பிக்கையாக நில்லாது சொத்துரிமையின் வடிவமாகவும் தொழிற்பட்டது. 1559இல் கூஸ்கோவின் ஸ்பானிய அதிகாரியான போலோ தே ஒந்தெகார்தோ இவ்வுடல்களைத் தேடிக் கைப்பற்றியமை சமயக் காரணத்தால் மட்டுமே நிகழ்ந்தது என்று கொள்வதற்கில்லை. உடல் போனபோது குலத்தின் உரிமைக்கு இருந்த சான்றும் போயிற்று.

ஆகவே மச்சு பிச்சுவில் நிற்கும் மூன்று தலைமுறைக் குடும்பம் உண்மையில் மற்றொரு குடும்பத்தின் வீட்டிலேயே நிற்கின்றது. அவ்வீடு எவ்வாறு எழுந்தது என்பதே அடுத்த வினா.

3. கட்டியவர் யார்?

இரும்புக் கருவியோ, சுமை இழுக்கும் சக்கர வண்டியோ இன்காக்களிடம் இருக்கவில்லை. கூஸ்கோவின் மேலே அமைந்துள்ள சக்சாய்வாமன் மதிலில் உள்ள மிகப்பெரிய கற்கள் நூறு தொன்னுக்கும் அதிக நிறையுடையன என மதிப்பிடப்படுகின்றது. இவற்றை வேற்றுக்கிரகவாசிகளின் வேலை என்று கூறும் நூல்களுங்கூட விற்பனையாகின்றன. பதினாறாம் நூற்றாண்டின் வரலாற்றெழுத்தாளர் சியேசா தே லெயோன் இதற்குத் தெளிவான விடை தந்துள்ளார். இருபதினாயிரம் பேர் அழைக்கப்பட்டனர். 4,000 பேர் கல் உடைத்தனர். 6,000 பேர் தோலாலும் நாராலும் ஆன பெருங்கயிறுகளால் இழுத்தனர். எஞ்சியோர் அத்திவாரம் தோண்டியும் மரந்தறித்தும் பணியாற்றினர் என அவர் எழுதினார். 1980களில் ஜோன் பியர் புரோட்சன் என்னும் கட்டடக்கலை ஆய்வாளர் ஒல்லாந்தாய்தம்போ அருகேயுள்ள கற்சுரங்கங்களை ஆராய்ந்து, கடினமான உருண்டைக் கற்களைக் கொண்டு அடித்தே இப்பாறைகளைச் செதுக்கிப் பொருத்த முடியும் என்பதைத் தாமே செய்துகாட்டினார்.

இவ்வுழைப்பு 'மித்த' எனப்பட்டது. 'முறை' என்பது அச்சொல்லின் பொருளாகும். ஒவ்வொரு அய்லுவும் முறைவைத்து ஆட்களை அனுப்பியது. அரசு அவர்களுக்கு உணவும் சோள மதுவும் வழங்கியது. விருந்தளித்து வேலை வாங்குதல் அய்னியின் தொடர்ச்சி போலத் தோன்றும். ஆயினும் அய்னியில் உழைப்பு உழைப்பாகவே திரும்பிவந்தது; மித்தவில் மன்னன் எவருடைய வயலிலும் உழைக்க வரவில்லை. உழைப்பவரின் களஞ்சியத்திலிருந்து எடுத்ததே அவருக்கு விருந்தாகப் படைக்கப்பட்டது.

இங்கு தலைமுறை பற்றிய செய்தியொன்றும் உண்டு. ஏறத்தாழ 1615இல் குவாமன் போமா என்னும் அந்தீஸ் எழுத்தாளர் ஸ்பானிய மன்னனுக்கு எழுதிய, ஏறத்தாழ 400 சித்திரங்களைக் கொண்ட நெடுங்கடிதத்தில், இன்கா ஆட்சியில் மக்கள் வயதுவாரியாக எவ்வாறு வகுக்கப்பட்டனர் என்பதை வரைந்துள்ளார். ஆண்களுக்குப் பத்துப் பிரிவு, பெண்களுக்குப் பத்துப் பிரிவு. முதலாவதாக வைத்து எண்ணப்பட்டவர் குழந்தையோ முதியவரோ அல்லர். உழைக்கவும் போரிடவும் வல்ல பருவத்தினரே. விறகும் புல்லும் சேர்க்கும் முதியவர், பறவை பிடிக்கும் சிறுவர், மந்தை மேய்க்கும் இளைஞர் எனப் பிறருக்கும் பணி குறிக்கப்பட்டிருந்தது. ஓர் அரசு தன் மக்களின் பாட்டனையும் பேரனையும் எவ்வாறு நோக்கிற்று என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று காண்பது அரிது. இக்கையெழுத்துப் பிரதி கோப்பன்ஹேகன் அரச நூலகத்தில் 1908இலேயே கண்டெடுக்கப்பட்டது.

மக்கள் மரபும் இவ்வுழைப்பை மறக்கவில்லை. இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் மகனாகக் கூஸ்கோவிற் பிறந்த கார்சிலாசோ தே லா வேகா, 1609இல் வெளிவந்த தமது நூலில், கோட்டையை அடையுமுன் 'களைத்துப்போய்' நின்றுவிட்ட கல்லொன்றின் கதையைக் கூறுகின்றார். இழுத்துவரும் வழியில் அது சரிந்து மூவாயிரம் நாலாயிரம் பேரைக் கொன்றது என்றும், பின்னர் இரத்தக் கண்ணீர் வடித்தது என்றும் மக்கள் சொல்லிவந்தனர். எண்ணிக்கை மிகையாகலாம். ஆயினும் மனிதரின் களைப்பைக் கல்லின் மீது ஏற்றிச் சொன்ன இக்கதையில் வரலாற்றுண்மை ஒன்று பொதிந்துள்ளது.

4. பணிசெய்தோருக்குக் குடும்பம் இருந்ததா?

மித்தவில் வந்தவர் முறை முடிந்ததும் ஊர் திரும்பினார். திரும்பாதோரும் இருந்தனர். 'யானாக்கோனா' என்போர் தத்தம் அய்லுவிலிருந்து நிரந்தரமாகப் பிரிக்கப்பட்டு, மன்னனுக்கும் அவன் குலத்துக்கும் வாழ்நாள் முழுவதும் பணிசெய்தவர்கள். சிறுபருவத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்டு நெசவுக்கும் மது வடித்தலுக்கும் அமர்த்தப்பட்ட பெண்கள் 'அக்யா' எனப்பட்டனர்.

மச்சு பிச்சுவின் மயானங்களில் புதைக்கப்பட்டோர் இத்தகைய பணியாளரே. அவர்களுள் 34 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. அவர்கள் பேரரசின் பல்வேறு பகுதிகளிலிருந்தும், சிலர் அமேசன் காட்டுப்பகுதியிலிருந்தும் வந்தவர்கள் என அது காட்டிற்று. அதனிலும் முக்கியமானது வேறொன்று. அவர்களிடையே நெருங்கிய இரத்த உறவு ஏறக்குறைய இல்லை; ஒரு தாயும் மகளும் மாத்திரமே விதிவிலக்காக இனங்காணப்பட்டனர்.

இம்முடிவின் பொருளை நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஓர் அரச குடும்பம், இறந்த மூதாதையரையும் உடன்வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக நுகர்ந்த சொத்து அது. அக்குடும்பத்தின் தொடர்ச்சியைக் காத்தவர்களோ தத்தம் குடும்பங்களிலிருந்து பிடுங்கப்பட்டவர்கள். பாட்டனின் கல்லறைக்கு அருகே பேரன் புதைக்கப்படும் வாய்ப்புக்கூட அவர்களுக்கு இருக்கவில்லை. ஒரு வர்க்கத்தின் குடும்பப் பெருமை இன்னொரு வர்க்கத்தின் குடும்ப இழப்பின் மீது எழுவது வரலாற்றில் நாம் பலவிடத்துங் காணும் உண்மை. இங்கு அது எலும்புகளிலேயே எழுதப்பட்டுள்ளது.

5. 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்

1911 யூலை 24ஆம் நாள் ஹைரம் பிங்ஹாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் மச்சு பிச்சுவை அடைந்தமை 'கண்டுபிடிப்பு' எனப் போற்றப்படுகின்றது. வழியைக் காட்டிய மெல்ச்சோர் ஆர்த்தியாகா என்னும் விவசாயிக்கு ஒரு சோல் நாணயம் கூலியாகக் கிடைத்தது. மேலே ரிச்சார்த்தே, அல்வாரெஸ் குடும்பத்தினர் பழைய படிக்கட்டு வயல்களிற் பயிர்செய்து வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் வந்தவருக்குக் குளிர்ந்த நீரும் அவித்த வற்றாளைக்கிழங்கும் கொடுத்தனர். இடிபாடுகளுக்குள் அவரை அழைத்துச் சென்றவன் ஒரு சிறுவன். அதற்கு முன்னரே, 1902இல், அகுஸ்தீன் லிசாராகா என்னும் கூஸ்கோப் பகுதியினர் அங்கு சென்று தம் பெயரைச் சுவரில் எழுதியிருந்தார். குடும்பங்கள் வாழ்ந்த இடத்தை 'மறைந்த நகரம்' என்பது, அக்குடும்பங்களை எண்ணிக்கையிற் சேர்க்காதபோது மட்டுமே இயலும். அங்கிருந்து யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட பொருள்கள், நீண்ட பிணக்கின் பின்னர், 2011, 2012ஆம் ஆண்டுகளிலேயே பெருவுக்குத் திரும்பின.

இலக்கியம் இவ்விடிபாடுகளை எவ்வாறு கண்டது என்பதையும் நோக்குதல் தகும். ஹொசே மரியா ஆர்கேதாஸ் 1958இல் வெளியிட்ட 'ஆழ்ந்த நதிகள்' என்னும் நாவல், தந்தையும் மகனும் கூஸ்கோவுக்கு வருவதோடு தொடங்குகின்றது. செல்வமிக்க நிலவுடைமையாளனான கிழவனொருவனின் வீட்டிலே, உறவினராயிருந்தும் அவர்கள் அவமதிப்போடு தங்கவைக்கப்படுகின்றனர். அவ்வீட்டில் 'போங்கோ' என்னும் பண்ணையடிமை ஒருவன் கூனிக்குறுகி நிற்கின்றான். சிறுவன் இரவில் இன்கா மதிலைத் தொட்டுப் பார்க்கின்றான். கற்கள் உயிரோடு அசைவனவாக அவனுக்குத் தோன்றுகின்றன. மதிலும் போங்கோவும் அடுத்தடுத்து வைக்கப்படுவதே இப்பகுதியின் கருத்தாழமாகும். கட்டியோரின் வழிவந்தவன் தலைநிமிர அஞ்சி நிற்கும் ஊரில் கல் மட்டும் போற்றப்படுவதைச் சிறுவனின் கண் கண்டுகொள்கின்றது. குடும்பப் பயணத்தில் சிறுவரின் பார்வைக்கு உள்ள மதிப்பை இதனிலிருந்து உணரலாம்.

பாப்லோ நெரூடா 1943இல் மச்சு பிச்சு சென்றார். 1945இல் அவர் எழுதிய பன்னிரு பகுதிகளைக் கொண்ட நெடுங்கவிதை, கல்லின் அழகைப் பாடி, கல்லைச் சுமந்த மனிதர் எங்கே என்று கேட்டு, மாண்ட உழைப்பாளரை விளித்து முடிகின்றது. முற்போக்கு இலக்கியத்தில் அதற்குள்ள இடம் நிலையானது. ஆயினும் இலங்கையில் இருந்து எழுதும் நாம் ஒன்றைச் சொல்லாது விட முடியாது. 1929இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வாழ்ந்த நெரூடா, தமது வீட்டின் மலவாளியை எடுத்துச் சென்ற தமிழ்ப் பெண்ணொருத்தியைப் பலவந்தப்படுத்தியதை, அவரது மறைவுக்குப் பின் 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளிலே தாமே எழுதியுள்ளார். அப்பெண்ணின் பெயர் அந்நூலில் இல்லை. இறந்துபோன உழைப்பாளரின் பெயரை நூற்றாண்டுகளுக்கு அப்பால் தேடிய கவிஞருக்கு, தம் வாயிலில் நின்ற உழைப்பாளியின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. கவிதையை ஒதுக்கிவிடுவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. தொலைவில் உள்ள கல்லின் முன் எழும் மனிதாபிமானம் அருகில் உள்ள மனிதரிடத்தே சோதிக்கப்படுகின்றது என்பதற்காகவே கூறுகின்றோம். பயணிகளுக்கும் இச்சோதனை உண்டு.

6. இன்றைய உழைப்பு

மச்சு பிச்சு 1983இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் அடிவாரத்து ஊருக்குப் பயணிகள் புகையிரதத்தில் வருகின்றனர். அன்றேல் நடந்து வருகின்றனர். வெளிநாட்டவர் ஏறும் வண்டி வேறு, உள்ளூர் மக்களுக்குரிய வண்டி வேறு. நடந்து செல்வோர் விரும்பும் ஏறத்தாழ 43 கிலோமீற்றர் நீளமான இன்கா பாதை, 4,200 மீற்றர் உயரமான கணவாயைக் கடந்து செல்கின்றது. நாளொன்றுக்கு 500 பேரே இப்பாதையிற் புக அனுமதிக்கப்படுகின்றனர். சுமைகாரரும் வழிகாட்டிகளும் இவ்வெண்ணிக்கையுள் அடங்குவர். கூடாரம், உணவு, அடுப்பு யாவற்றையும் சுமப்போர் கெச்சுவா மொழி பேசும் விவசாயிகளே. அவர்கள் சுமக்கும் நிறைக்கு 20 கிலோகிராம் என்ற எல்லையை விதித்த சட்டம் 2001இலேயே நிறைவேறியது. சட்டம் இருத்தலும் அது நடைமுறையிற் பேணப்படுதலும் ஒன்றல்ல. தம் குடும்பத்துக்குச் சுமைகாரரை அமர்த்துவோர், சுமை நிறுக்கப்படுகின்றதா, அவருக்கு உணவும் உறங்குமிடமும் உண்டா என்று கேட்டறிதல் தம் கடமை எனக் கொள்ளல் வேண்டும்.

2024 சனவரியில், நுழைவுச் சீட்டு விற்பனையைத் தனியார் நிறுவனமொன்றிடம் அரசு ஒப்படைத்தமையை எதிர்த்து அடிவாரத்து ஊர்மக்கள் வேலைநிறுத்தஞ் செய்து புகையிரதப் பாதையை மறித்தனர். அவ்வேற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர அரசு இணங்கிய பின்னரே போராட்டம் ஓய்ந்தது. பயணிகள் பலர் அதனைப் பயணத்துக்கு நேர்ந்த இடையூறாகவே கண்டிருப்பர். மரபுரிமைச் சொத்தின் பயன் யாருக்கு என்ற பழைய வினாவே அங்கு மீண்டும் எழுந்தது என்பது நம் கருத்து.

இவ்வினாவுக்கு மறுமொழியாக அமையத்தக்க இடமொன்று கூஸ்கோவின் தெற்கே உண்டு. அபூரிமாக் ஆற்றின் மேல், ஏறத்தாழ 3,700 மீற்றர் உயரத்தில், கெஸ்வாச்சாக்கா என்னும் புற்கயிற்றுப் பாலம் உள்ளது. ஆண்டுதோறும் யூன் மாதத்தில் நான்கு கிராமங்களின் குடும்பங்கள் கூடி, பழைய பாலத்தை அறுத்துவிட்டு, மலைப்புல்லைத் திரித்துப் புதிய பாலம் கட்டுகின்றன. வீடுதோறும் சிறு கயிறு திரிக்கப்பட்டு, அவை பெருங்கயிறாக முறுக்கப்படுகின்றன. தந்தையிடமிருந்து மகனும் தாயிடமிருந்து மகளும் கற்றுவரும் இவ்வறிவு 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020இல் புதுப்பிக்கப்படாமையால் 2021 மார்ச்சில் பாலம் அறுந்து வீழ்ந்தது. அவ்வாண்டு யூனிலேயே அம்மக்கள் அதனை மீண்டும் கட்டினர். மன்னர் இல்லை, மித்த இல்லை. ஆயினும் கூட்டுழைப்பு எஞ்சிநிற்கின்றது. மரியாத்தெகி அய்லுவில் கண்ட வித்து யாது என்பதை இங்கு கண்ணாற் காணலாம்.

கல் மதில், உழைப்பு நின்ற பின்னரும் ஐந்நூறு ஆண்டு நிற்கின்றது. அதனால் உழைத்தவரை மறந்துவிடுவது எளிதாகின்றது. புற்கயிறோ ஓராண்டுக்கு மேற்பட்டால் நம்பத்தக்கதன்று. அதனை ஒவ்வொரு தலைமுறையும் தன் கையாலேயே திரித்தாக வேண்டும். மூன்று தலைமுறையாகச் செல்வோர் இரண்டையுங் காண்பது நன்று. மச்சு பிச்சுவில் நிற்கும்போது, அங்கு புதைக்கப்பட்ட அந்தத் தாயையும் மகளையும் பற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு பாட்டியாலே முடியும். அவ்வாறு சொல்லப்படும்போது அக்குழந்தை மர்மத்துக்குப் பதிலாக வரலாற்றைப் பெற்றுக்கொள்கின்றது.